தகரம் பறந்த வீடு

எண்பதுகளின் தொடக்கம். கைக்குழந்தையோடு பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் பின்பாதியில் குடியிருந்தோம். முன்பாதியில் வீட்டுக்காரரின் சாப்பாட்டுக் கடை. அந்த அண்ணன் தமிழ் முஸ்லிம். நல்ல மனிதர்தான், ஆனால் வீட்டில் ஒரு குறை சொன்னால் போதும், முகம் சுருங்கிவிடும்.

வீட்டின் நடுவே ஒரு முற்றம். அந்தக் காலத்து ஆட்கள் வானம் தெரிய விட்டிருந்ததை, மழை உள்ளே வருகிறதென்று யாரோ தகரம் போட்டு மூடிவிட்டார்கள். பின்கதவைத் திறந்தால் சந்து; சந்து முழுக்கக் குப்பை, அடைத்துப்போன சாக்கடை. அந்த வரிசையில் யாருமே பின்கதவைத் திறப்பதில்லை. பகலிலும் விளக்கெரிந்த அந்தப் புழுக்கத்தில் என் மகளுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. அழுது அழுது தொண்டை கட்டிவிட்டது. மருந்தைவிடக் காற்றோட்டம்தான் வேண்டும் என்றார் டாக்டர். அக்கரையில் சுங்கை பாக்காப்பில் உன் அம்மா வீட்டில் போய் இரு என்றார் என் கணவர். அவருக்குத் துறைமுகத்தில் வேலை. கூட வர முடியாது. காற்றுக்காகக் குடும்பம் பிரிவதா என்று சண்டை பிடித்தேன். பிள்ளையின் முதுகைப் பார்த்ததும் பெட்டியில் துணியை அடுக்கினேன்.

அன்று பிற்பகல் பெரிய காற்றுமழை. தலைக்கு மேலே தடதடவென்று சத்தம் கேட்டது. தகரம் பிய்த்துக்கொண்டு எங்கோ பறந்துவிட்டது. மழை வீட்டுக்குள்ளேயே கொட்டியது. வாளியும் துணியுமாக ஓடியபடி வானத்தை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

மழை விட்டபோது முற்றத்தில் வெளிச்சம் இறங்கியிருந்தது. தேங்கிய தண்ணீரில் மேகம் நகர்ந்தது. கடல் வாசனையோடு ஒரு காற்று வந்து கொடியில் கிடந்த பிள்ளைத்துணியை ஆட்டியது. தொட்டிலில் சத்தமே இல்லை. பதறிப்போய்க் குனிந்தேன். என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் தரையில் சாய்ந்து, வானம் மெல்ல நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். வீட்டில் இருக்கிறேனா, படகில் போகிறேனா என்றே தெரியவில்லை.

ஆனால் காற்றோடு சந்தின் நாற்றமும் சேர்ந்து முன்பக்கக் கடைக்குப் போய்விட்டது. மறுநாளே வீட்டுக்கார அண்ணன் வந்து நின்றார்.

"சாப்பிட உக்காந்தவன் மூக்கப் பொத்திக்கிட்டு எந்திரிக்கிறான்மா. ஞாயித்துக்கெழம தகரத்தப் போட்டுருவேன்."

"நாத்தம் போயிட்டா அப்படியே விட்டுருவீங்களா அண்ணே?"

"மொதல்ல போகட்டும்லா, அப்புறம் பேசலாம்."

எனக்கு அது போதுமாயிருந்தது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சந்தைத் தாண்டி எதிர்வீட்டுப் பின்கதவைத் தட்டினேன். அங்கே ஒரு சீன அக்கா. அதுவரை நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. என் அரைகுறை மலாயில் விஷயத்தைச் சொன்னேன். அவர் மகளின் முதுகைத் தொட்டுப் பார்த்தார். தினமும் அழுகிற குரல் இவளுடையதா என்று கேட்டார். பிறகு உள்ளே போனார். கதவைச் சாத்தப்போகிறார் என்று நினைத்தேன். துடைப்பத்தோடு வந்தார். அந்தத் துடைப்பக் கட்டையாலேயே அடுத்த வீட்டுக் கதவை அவர்தான் தட்டினார்.

பிறகு ஒவ்வொரு கதவாகத் திறந்தது. என் கணவர் துறைமுக நண்பர்களை அழைத்துவந்து சாக்கடை அடைப்பை எடுத்தார். குப்பை மூட்டை மூட்டையாகப் போனது. எதிர்வீட்டு அக்கா சமையலுக்கு வாசனை சேர்க்கும் பாண்டான் செடி கொடுத்தார், நான் கறிவேப்பிலைக் கன்று வைத்தேன். தொட்டிக்கு எங்கே போவது? வீட்டுக்கார அண்ணன் சந்தில் வீசியிருந்த எண்ணெய் டின்கள் கைகொடுத்தன. அவரிடம் யாரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை புதுத் தகரத்தோடு அவர் வந்துவிட்டார். ஏணி கொண்டுவர வேண்டிய தச்சர் இன்னும் வரவில்லை. அவர் உட்கார முற்றத்தில் நாற்காலி போட்டேன். எங்கள் பின்கதவும் எதிர்க்கதவும் திறந்தே இருந்தன. காற்று சந்திலிருந்து நுழைந்து, முற்றத்தில் சுற்றி, கடைப்பக்கம் போனது. நாற்றத்துக்குப் பதில் பாண்டான் வாசனை. என்ன சொல்லிக் கெஞ்சலாம் என்று யோசித்துக்கொண்டே திரும்பினேன். தகரத்தை மடியில் சாய்த்தபடி அண்ணன் தூங்கிவிட்டிருந்தார். தொட்டிலில் மகள், நாற்காலியில் அவர். ஒரு பாத்திரம்கூட விழுந்துவிடக்கூடாதென்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தச்சர் வந்து ஏணியைச் சாத்திய சத்தத்தில் விழித்தார். ஒரு தேநீர் கேட்டு, மேலே பார்த்தபடியே குடித்து முடித்தார்.

"மழை பேஞ்சா நீதாம்மா தொடைக்கணும்," என்று சொல்லிவிட்டுத் தகரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

பெட்டியிலிருந்த துணிகளை எடுத்து மறுபடி கொடியில் போட்டேன். அழுகை வந்தது.

உலாவப் போவதை மலாய்க்காரர்கள் காற்றைச் சாப்பிடுவது என்பார்கள், நாம் காற்று வாங்குவது என்போம். காற்றை எல்லோரும் சேர்ந்துதான் வாங்க வேண்டும் என்று அந்தச் சந்தில்தான் எனக்குத் தெரிந்தது. இன்று மகளுக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனாலும் எங்காவது ஒரு திரைச்சீலை அசைந்தால், அவளை நிம்மதியாகத் தூங்கவைத்த அந்தப் பின்கதவுகள் ஒவ்வொன்றாக எனக்குள் திறக்கின்றன.