முனியனுக்குக் குறைத்த சோறு

தேவானை சென்னைக் கடற்கரையில் நொச்சிக்குப்பத்தில் பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். சாலையோரத்தில் மீன் விற்கிறாள். பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு நின்றுபோனது. கூவி விற்க வாய் வராது. வருகிறவர் முகத்தைப் பார்த்தே எந்த மீனை எடுத்துக் காட்டலாம் என்று தெரிந்துகொள்வாள். அந்தக் கண்தான் இப்போது அவளை நிம்மதியாக இருக்க விடவில்லை.

கணவன் முனியனுக்கு நுரையீரல் கெட்டு, கடலுக்குப் போவது நின்றிருந்தது. மூச்சு வாங்கும்போதெல்லாம் அவன் கழுத்துக்குழி உள்ளே இழுபடும். தேவானை அதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரு மாலை மகள் மேகலா பரீட்சைக்குச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். தின்ற சோறு சர்க்கரையாகி ஒவ்வொரு செல்லுக்குள்ளும் போகிறதாம். அங்கே ஆக்சிஜனோடு சேர்ந்து, தீயில்லாமல் எரிந்து, உடம்புக்குச் சக்தி தருகிறதாம். மிஞ்சுவது தண்ணீரும், மூச்சில் வெளியேறும் கரியமில வாயுவும்.

செதில் சீவிக்கொண்டிருந்த தேவானையின் கை நின்றது. அப்படியானால் சோறுதான் விறகு. முனியனுக்கோ காற்றுப் போதவில்லை. காற்றில்லாத அடுப்பில் விறகைத் திணித்தால் வீடெல்லாம் புகைதானே?

யாரிடமும் கேட்கக் கூச்சம். மறுநாளிலிருந்து அவன் தட்டில் சோற்றைக் குறைத்தாள்.

"இன்னாடி, காக்காவுக்கு வெக்கிற மாதிரி கீது?" என்று முனியன் சிரித்தான். செத்தவர்களுக்குப் படைக்கிற சோறு அவள் நினைவுக்கு வந்தது. அந்தப் பயத்திலேயே அடுத்த வேளை இன்னும் ஒரு பிடி குறைத்தாள்.

அவன் கழுத்துக்குழி ஆழமானது. விலா எலும்பு தெரிந்தது. நாலடி நடக்கச் சுவரைப் பிடித்தான். ஒரு காலையில் டீ தம்ளரைக்கூட அவனால் தூக்க முடியாமல் போனபோது, மேகலா ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மருந்தை மாற்றி எழுதினார். நர்ஸ் பங்கஜம் எடை பார்த்துவிட்டு, என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டாள். தனக்குத்தான் சோறு இறங்கவில்லை என்றான் முனியன்.

"மூச்சை இழுக்கறதே நெஞ்சுச் சதைதான்மா. அதுக்கும் சோத்துலதான் சக்தி. அது கெடைக்கலன்னா சதையே கரைஞ்சு எரியும். அப்புறம் மூச்சை யாரு இழுக்கறது?" என்ற பங்கஜம், கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை கொடுக்கச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் தேவானையால் அடக்க முடியவில்லை.

"நான்தான்யா கொறைச்சேன். சோறு எரிஞ்சா உனக்குக் காத்து பத்தாதுன்னு பயந்துக்கினு..."

முனியன் சுவரில் சாய்ந்து மூச்சைத் தணித்துக்கொண்டான்.

"கொறைச்சது தெரியும். மீன் விக்கல போலன்னு நெனச்சிக்கினேன். அதான் கேக்கல."

அவள் கஞ்சியைக் குழைவாகக் காய்ச்சி, ஆற்றி, ஒரு கரண்டி ஊட்டினாள். விழுங்கினான். கழுத்துக்குழி உள்ளே போய் அங்கேயே நின்றது. அடுத்த கரண்டியை அவள் பாதியிலேயே நிறுத்தினாள்; கஞ்சி பாயில் சொட்டியது.

மூச்சு விட்டான்; குழி மேலே வந்தது. அவள் கரண்டியை நீட்டினாள்.