திரையில் மட்டும் சுகமானவள்

செத்துப் பதினோரு மாதமான மனைவி, மாதத்தின் முதல் ஞாயிறுதோறும் திரையில் தோன்றி "நான் சுகமாயிட்டேன்" என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு உட்கார வேண்டுமென்றால் கல்நெஞ்சு வேண்டும். தையல் மெஷின் ரிப்பேர்காரருக்கு அது கிடையாது. ஜெபக்கூடத்தின் கடைசி வரிசையில் குனிந்தபடி, நகக்கண்ணில் ஏறிய எண்ணெய்க் கறையைச் சுரண்டிக்கொண்டிருப்பார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

மனைவிக்கு வயிற்றில் கட்டி. சபையே உபவாசமிருந்து ஜெபித்தது. இடையில் எடுத்த ஸ்கேனில் கட்டி சுருங்கியிருந்தது. மருந்து வேலை செய்கிறது, பொறுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். பாஸ்டருக்கு ஏது அவ்வளவு பொறுமை? அடுத்த ஞாயிறே இருவரையும் மேடையேற்றி, சாட்சி சொல்லவைத்து, படமும் பிடித்துவிட்டார். மெஷின்காரரும் லேசுப்பட்டவரல்ல, "பூரண சுகம்!" என்று வாய் நிறையச் சொன்னார். யாரும் கழுத்தைப் பிடித்துச் சொல்லவைக்கவில்லை. அதுதான் இன்றுவரை அவரை அரித்துத் தின்கிறது. நான்கே மாதத்தில் கட்டி திரும்ப வந்து அவளைக் கொண்டுபோனது.

அடக்கத்துக்கு வந்தவர்கள் அவர் காதுபடவே பேசினார்கள், விசுவாசத்தில் எங்கேயோ ஓட்டை இருந்திருக்கும் என்று. ஓட்டையாம்! சாகிற நாள் காலையிலும் பாட்டுப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக் கிடந்தவளைப் பார்த்துச் சொன்ன பேச்சு அது. சொன்ன வாய்களெல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன.

அந்தப் படத்தைப் போடுவதை நிறுத்தச் சொல்லி இரண்டு முறை பாஸ்டரிடம் போய் நின்றார்.

"புதுசா வர்றவங்க அதைப் பார்த்துத்தான் பலப்படுறாங்க, பிரதர். அன்னைக்கு அவங்க நல்லாத்தானே இருந்தாங்க? பொய் ஒண்ணும் இல்லையே?"

மகனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எதுக்குப்பா இன்னும் அங்க போறீங்க? கடவுளே வேணாம்னு விட்டுத் தொலைங்களேன்."

அவர் விடவில்லை. தினமும் விடிந்ததும் முழங்கால் போட்டார். ஜெபம் என்றுதான் பெயர், எல்லா நாளும் சண்டை.

போன வெள்ளிக்கிழமை ஒரு பெண் கடைக்கு வந்தாள். கையில் மெஷின் இல்லை.

"அண்ணா, நான் சபைக்குப் புதுசு. உங்க சாட்சியைத் திரையில பார்த்தேன். அக்கா வீட்ல இருக்காங்களா? எனக்கும் கட்டி, மார்புல. செவ்வாய்க்கிழமை ஆபரேஷன்னு சொல்லியிருக்காங்க. நான் போகப்போறதில்ல. அக்கா என் தலையில கைவெச்சு ஜெபிச்சா போதும்."

அவர் கையிலிருந்த பாபின் கேஸ் நழுவி மேசைக்கடியில் உருண்டது. அதைத் தேடுகிற சாக்கில் குனிந்தார். உண்மையைச் சொன்னால் இவளுடைய நம்பிக்கை உடையும். சொல்லாவிட்டால் இவளே மிஞ்சமாட்டாள்.

"அக்கா இல்லம்மா. போய் பதினோரு மாசமாச்சு."

"திரையில..."

"அது பழசு. நான் அவசரப்பட்டு வாயை விட்டுட்டேன். நீ ஆபரேஷனுக்குப் போ. ஜெபம் பண்ணிக்கிட்டே போ, ஆனா போ."

அவள் முகம் வெளுத்துச் சிவந்தது. "அப்போ எல்லாரும் சேர்ந்து ஏமாத்துறீங்களா? நீங்க மட்டும் எந்த முகத்தோட இன்னும் அங்க போறீங்க?"

"ஆண்டவர்மேல எனக்கு அவ்வளவு கோபம் இருக்கும்மா. அதை வேற யார்கிட்ட போய்க் காட்டுறது?"

அவள் படியிறங்கிப் போய்விட்டாள்.

அந்த ஞாயிறு, மாதத்தின் முதல் ஞாயிறு. படம் முடிந்து விளக்கு எரிந்ததும் மெஷின்காரர் எழுந்தார். நேரே முன்னால் போய் மைக்கை எடுத்தார்.

"இப்போ நீங்க பார்த்தது என் சம்சாரம். அவ செத்துட்டா."

"ஆமென்!" என்றது பாதிக் கூடம், பழக்கதோஷத்தில். பிறகுதான் காதில் விழுந்தது போலும், கப்சிப்பென்று அடங்கியது. அதற்குள் பாஸ்டர் சைகை காட்ட, டிரம்ஸ் முழங்கியது, பாட்டு தொடங்கிவிட்டது. அந்தப் பெண் எங்காவது இருக்கிறாளா என்று வரிசை வரிசையாகத் தேடினார். அவள் வரவில்லை.

வாசலில் பாஸ்டர் அவர் தோளில் கைவைத்தார். "மனசு சரியாகிற வரைக்கும் வீட்லயே ஜெபம் பண்ணுங்க, பிரதர்."

"அடுத்த வாரமும் வருவேன், பாஸ்டர்," என்று கையை விலக்கிவிட்டு நடந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை. ஆஸ்பத்திரிக்குப் போனாளா, ஆண்டவரோடு சேர்த்து அதையும் வெறுத்து வீட்டில் கிடக்கிறாளா என்று தெரியவில்லை. பெயர்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை, மடையன். கடையின் கதவைப் பாதி திறந்தவர் அப்படியே நின்றார். பிறகு உள்ளே போய், நூல்கண்டுகளும் கழற்றிப்போட்ட சக்கரங்களும் கிடந்த தரையில் முழங்கால் போட்டார். பதினோரு மாதமாகச் சண்டை மட்டுமே போட்ட வாய், அன்றுதான் ஒன்றைக் கேட்டது.

"அந்தப் பொண்ணையாவது விட்டுவைங்க."