சுங்குவார்சத்திரத்தில் அமெரிக்க வரலாறு படித்தேன்

அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வில் தோற்ற கையோடு ஊருக்குக் கிளம்பினேன். 1982 டிசம்பர், மூன்று வார விடுப்பு. சிகாகோவில் நர்ஸாகப் பத்து வருஷம் ஓட்டியாகிவிட்டது. குடியுரிமை கிடைத்தால்தான் தங்கை லூர்துவை அழைத்துக்கொள்ள மனுப் போட முடியும். ஜனவரியில் இன்னொரு வாய்ப்பு உண்டு. அதிலும் தவறினால் எல்லாம் முதலிலிருந்து. இந்த வருஷம் பாடப் புத்தகத்தோடு ஊருக்குப் போகப்போகும் நம் தமிழ்ச் சங்கத்து நண்பர்களுக்கு உதவுமே என்று இதை எழுதுகிறேன்.

பாரிமுனையில் காலை 6.20க்குக் காஞ்சிபுரம் பஸ். சுங்குவார்சத்திரம் வரை ஐம்பத்திரண்டு கிலோமீட்டர், நாலு ரூபாய் அறுபது காசு, இரண்டு மணி நேரம். இடது பக்கம் உட்காராதீர்கள், வெயில் பிடரியில் அடிக்கும் (நான் உட்கார்ந்தேன்). பூந்தமல்லி தாண்டியதும் புத்தகத்தை விரித்தேன். ஸ்ரீபெரும்புதூர் ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. மூடிவிட்டேன். காலேஜ் ஹாஸ்டலிலிருந்து வரும்போதெல்லாம் இந்த ஏரியைக் கண்டதும்தான் தலையை வாரிக்கொள்வேன். அன்றும் கை தானாகச் சீப்பைத் தேடியது.

சத்திரத்தில் டீ குடித்துவிட்டு ஜட்கா பிடித்தேன். ஊர் மூன்று கிலோமீட்டர், வண்டிக்கு இரண்டு ரூபாய். வண்டிக்காரர் புத்தகத்தைப் பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா, பரீட்சையா? இந்த வயசுலயா?"

"ஆமாங்க. அமெரிக்காக்காரங்க வைக்கிறாங்க."

"பாஸானா இன்னா குடுப்பாங்க?"

"அந்த நாட்டுக்காரின்னு எழுதிக் குடுப்பாங்க."

"அப்போ நம்ம ஊருக்காரின்னு உனக்கு யாரு எழுதிக் குடுத்தாங்க?" சிரித்துக்கொண்டே குதிரையைத் தட்டினார்.

லூர்து என்னைவிட ஆறு வயது சின்னவள். உள்ளூர்ப் பள்ளியில் டீச்சர். ஞாயிறு பூசை முடிந்ததும் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் நடத்துகிறாள். நாங்களும் அப்படிப் படித்தவர்கள்தான். கையைக் கட்டிக்கொண்டு, உடம்பை ஆட்டிக்கொண்டு, கேள்வியையும் பதிலையும் ஒரே ராகத்தில், முதலிலிருந்து கடைசிவரை நிறுத்தாமல் சொல்ல வேண்டும்.

"எப்படிக்கா கோட்டை வுட்டே?" என்றாள்.

உண்மையைச் சொன்னேன். புத்தகத்திலிருந்த எழுபத்தெட்டுக் கேள்விகளையும் அதே பழைய ராகத்தில் மனப்பாடம் செய்திருந்தேன். அதிகாரி நாற்பத்தொன்றிலிருந்து ஆரம்பித்தார். எனக்கு ஒன்றிலிருந்து வந்தால்தான் நாற்பத்தொன்று வரும். மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று ஓடி, பத்தை எட்டுவதற்குள் அவர் பேனாவை மூடிவிட்டார்.

லூர்து விழுந்து விழுந்து சிரித்தாள். "மாதா கோவில் பிள்ளைன்னு அங்கயும் போயி காட்டிக்கினு வந்தியா!" பிறகு உள்ளே போய் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்தாள். கோவில் திருவிழாவில் தம்போலா ஆட வைத்திருக்கும் எண் வில்லைகள். பையைக் குலுக்கி ஒன்றை எடுப்பாள், அந்த எண் கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

"முப்பத்தேழு. கொடியில எத்தினி கோடு?"

"பதிமூணு."

"ஏன்?"

"முதல்ல பதிமூணு குடியேற்றங்கதான் இருந்துது."

"கையைக் கட்டாதே! ஆடாதே! வாயால மட்டும் சொல்லு."

பதினெட்டு நாள், தினமும் ஒரு மணி நேரம். நாங்கள் அவ்வளவு நேரம் சேர்ந்து உட்கார்ந்தது பாவாடை காலத்துக்குப் பிறகு அப்போதுதான். கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் எழுபத்தெட்டும் தப்பில்லாமல் வந்தன. லூர்து புத்தகத்தைத் திருப்பினாள். பின்னட்டையில் உறுதிமொழி அச்சாகியிருந்தது.

"இதுக்கு வில்லை இல்லியே" என்று சொல்லிவிட்டு, ஆங்கிலத்தை மெல்லத் தமிழாக்கிக் கேட்டாள். "இதுவரைக்கும் நீ எந்த நாட்டுக்கு விசுவாசமா இருந்தியோ, அதை முழுசா, மனசார வுட்டுடறியா?"

வேலியோரம் கோழிகள் கிளறிக்கொண்டிருந்தன. நான் அவற்றை ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தேன்.

"சரி, வுடு. அங்க கேட்டா அங்க சொல்லிக்கோ. இங்க சொல்லாதே." வில்லைகளைப் பையில் போட்டுக் கட்டினாள்.

ஜனவரியில் பாஸானேன். அதிகாரி அறுபதில் ஆரம்பித்தார், நாலில் முடித்தார். உறுதிமொழி எடுக்கச் சம்மதமா என்றபோது ஆங்கிலத்தில் சட்டென்று 'யெஸ்' என்றேன். நான் கையைக் கட்டிக்கொண்டிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

நண்பர்களுக்குச் சில யோசனைகள். பஸ்ஸில் படிக்க நினைக்காதீர்கள், நடக்காது. டிசம்பரில் போங்கள், ஏரி நிறைந்திருக்கும். திரும்பும்போது சத்திரத்தில் மாலை ஐந்துக்கு மேல் பஸ்ஸில் நிற்கத்தான் இடம். வரிசைப்படி படிக்காதீர்கள், குலுக்கிப் படியுங்கள். கேள்வி கேட்க வீட்டு ஆளையே வைத்துக்கொள்ளலாம், ஆனால் பின்னட்டையைக் கிழித்துவிட்டுக் கொடுங்கள்.

லூர்துவுக்கான மனுவில் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு, அனுப்பட்டுமா என்று கேட்டு எழுதினேன். போன வாரம் பதில் வந்தது. வீட்டு விஷயம், பள்ளி விஷயம் என்று பக்கம் முழுக்க எழுதியிருந்தாள். மனுவைப் பற்றி அடியில் ஒரு வரிதான்: "அக்கா, எழுபத்தெட்டாவது கேள்வி வரைக்கும்னா நான் வரேன், பின்னட்டைக்கு வரலை."