மின்தூக்கியும் லிப்டும்

அலுவலகத்தில் அவளுக்கு 'மேற்படி அக்கா' என்று பெயர். வாடகைக் குடியிருப்புகளைப் பராமரிக்கும் அந்த அலுவலகத்துக்கு வருகிற புகார்களுக்கெல்லாம் இருபத்தாறு வருஷமாகப் பதில் எழுதுகிறவள். 'மேற்படி' போடாமல் அக்காவுக்குத் தும்மல்கூட வராது என்று பக்கத்து மேஜைக்காரர்கள் சிரிப்பார்கள்.

கல்யாணம் ஆகவில்லை. ஒற்றை அறை வீடு. தங்கை மகள் பரீட்சையில் தேறியபோது, "தங்கள் தேர்ச்சி குறித்து மகிழ்ச்சி அடைகிறேன்" என்று போனில் செய்தி அனுப்பினாள். "பெரியம்மா, இது வாழ்த்தா, நோட்டீஸா?" என்று பதில் வந்தது. பிள்ளை விளையாட்டாகத்தான் கேட்டது. இவளுக்குத்தான் சுருக்கென்றது. அதன்பின் யாருக்கும் கட்டைவிரல் படம் தவிர எதுவும் அனுப்புவதில்லை.

அந்தச் சமயத்தில்தான் லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரிடமிருந்து வாராவாரம் கடிதம் வர ஆரம்பித்தது. பேசுகிற மாதிரியே எழுதுவார்.

"லிப்ட் ஓடல. மூணு மாடி ஏறுறதுக்குள்ள உசிரு போய் உசிரு வருது. ஏறி வந்தாலும் கதவத் தொறக்க ஆளில்ல. நானே தொறந்து, நானே வாங்கன்னு சொல்லிக்கிறேன்."

இவள் எழுதினாள்: "மதிப்பிற்குரிய ஐயா, மேற்படி மின்தூக்கியின் உதிரிபாகம் வரவேண்டியுள்ளது. தங்கள் புகார் கவனத்தில் கொள்ளப்பட்டுள்ளது."

ஆறாவது கடிதத்தில், சம்சாரம் போய் ஒரு வருஷம் ஆகிறது என்றும், சமைத்தால் இன்னும் கை தவறி ரெண்டு பேருக்கு ஆகிவிடுகிறது என்றும் எழுதியிருந்தார். லிப்டைப் பற்றி ஒரு வரிதான்.

அன்று மதியம் சாப்பிடப் போகாமல் உட்கார்ந்து நாலு தாளைக் கிழித்துப் போட்டாள். ஐந்தாவது தேறியது. "லிப்டுக்குப் பார்ட்ஸ் இன்னும் வரல. நானும் விடாம கேட்டுட்டுதான் இருக்கேன். படியில பாத்து ஏறுங்க. எங்க வீட்லயும் கதவைத் திறக்க ஆளில்லதான்." யோசித்தால் மனசு மாறிவிடும் என்று உடனே உறையில் போட்டு ஒட்டினாள்.

நாலாம் நாள் பெரியவர் நேரிலேயே வந்துவிட்டார். சலவைச் சட்டை, கையில் அந்தக் கடிதம்.

"இதை யாரு எழுதுனது?"

"நான்தாங்க."

"தப்பா எடுத்துக்காதம்மா. எனக்குப் பழைய மாதிரியே வேணும்." குரலைத் தாழ்த்தினார். "பட்டறையில முப்பத்தி மூணு வருஷம் 'டேய்'தான். வீட்ல அவ 'இந்தாங்க'ம்பா. மதிப்பிற்குரிய ஐயான்னு என்னைக் கூப்பிட்டது இந்த ஆபீஸ் ஒண்ணுதான். அதெல்லாம் அடுக்கி வச்சிருக்கேன். இது என்னவோ எதிர்வீட்டுப் பேச்சு மாதிரி இருக்கு."

அவளுக்குக் காது மடல் சுட்டது. புதிதாக ஒன்றைத் தட்டச்சு செய்து, முத்திரை குத்தி நீட்டினாள். அவர் வாய்க்குள்ளேயே படித்துப் பார்த்தார், முகம் தெளிந்தது. கொண்டுவந்த கடிதத்தை அவள் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனார். அதைக் கோப்பில் சேர்க்க எண் கிடையாது. மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மறுமாதம் லிப்ட் ஓடத் தொடங்கியது. அவள் ஓயாமல் நச்சரித்ததும் ஒரு காரணம். அத்தோடு பெரியவரின் கடிதமும் நின்றுபோனது. ஒரு வாரம் பொறுத்தாள், மூன்று வாரம் பொறுத்தாள். பிறகு ஒரு நாள் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு அங்கே போனாள். லிப்ட் முனகாமல் மூன்றாம் மாடியில் கொண்டுபோய் விட்டது. மணியை அழுத்திய பிறகுதான், எந்தத் தமிழில் ஆரம்பிப்பது என்று யோசிக்கவே இல்லையே என்று உறைத்தது.

கதவு திறந்தது. "மேடம், நீங்களா!" பெரியவர் பதறிப்போனார். "எதாச்சும் கையெழுத்துப் போடணுமா?"

சும்மாதான் வந்தேன் என்று சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை.

"ஆமாங்க ஐயா. சரிபார்ப்புப் படிவம்."

கைப்பையைத் துழாவியதில் நல்லவேளையாக ஒரு படிவம் அகப்பட்டது. அவர் அதைக் கதவின் மேலேயே வைத்து, நிதானமாகக் கையெழுத்திட்டார். "ரொம்ப நன்றிங்க மேடம்," என்று கும்பிட்டார். அவளும் கும்பிட்டாள். கதவு சாத்திக்கொண்டது.

லிப்டுக்குள் நின்று, குறிப்புகள் என்ற கட்டத்தில் எழுதினாள்: "மின்தூக்கி நன்றாக இயங்குகிறது. குடியிருப்பவர் தனியாக இருக்கிறார்." இரண்டாவது வாக்கியத்தை அங்கே யாரும் கேட்கப் போவதில்லை. அடிக்காமல் விட்டுவிட்டாள்.