ராசியான ஐந்து பிரதிகள்

சொந்தப் புத்தகத்தைத் தானே சுமந்துகொண்டு கடை கடையாக ஏறி இறங்குகிற தொழிலுக்கு இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை. உங்களில் அந்தப் பாவத்தைச் செய்தவர் யாராவது இருந்தால், சற்று நகர்ந்து எனக்கும் இடம் கொடுங்கள்.

யுத்த காலம் அது. காகிதம் கிடைப்பதே குதிரைக் கொம்பு. என் முதல் நாவலைப் போட்ட சென்னைப் பதிப்பாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "உங்கள் ஜில்லாவிலாவது இது விற்றால், இருக்கிற காகிதத்தில் உங்கள் இரண்டாவது நாவலைப் போடுகிறேன். இல்லாவிட்டால் பள்ளிக்கூட நோட்ஸ் போட்டுப் பிழைத்துக்கொள்கிறேன்." அந்த இரண்டாவது நாவலை மூன்று வருஷம் உட்கார்ந்து எழுதியிருந்தேன். டிரங்குப் பெட்டியில் முதல் நாவலை அடுக்கிக்கொண்டு கிளம்பினேன்.

அம்மாபேட்டையில் கூட்டம்

சேலம் அம்மாபேட்டை நெசவாளர்கள் கதை என்றால் உயிரை விடுவார்கள், ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் தறியில் இருந்தபடியே கேட்பார்கள் என்று சொன்னார்கள். அங்கே ஒரு சின்னப் புத்தகக் கடை வாசலில் பெட்டியை இறக்கி, தெருவுக்கே கேட்கும்படி, "சென்னை அச்சுங்க! சுத்தமான அச்சு!" என்றேன்.

தறிச் சத்தம் நின்றது. வீட்டுக்கு வீடு ஆட்கள் ஓடி வந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. தறியில் பாவு நூலைக் கோக்கிற சீப்புக்கும் அச்சு என்றுதான் பெயர் என்பது எனக்கு எங்கே தெரியும்? முன்னால் நின்றவர் பெட்டியைக் கிளறிப் பார்த்துவிட்டுக் கோபமாகக் கேட்டார்: "அச்சு எங்கீங்க? பொட்டி நெறைய வெறும் பொஸ்தகமா இருக்குது!"

நாமக்கல்லில் ஒரு கேள்வி

பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய பஸ்ஸில் புகை தின்றுகொண்டு நாமக்கல் போய்ச் சேர்ந்தேன். அங்கே கடைக்காரர் நிலபுலன் உள்ளவர், நிதானமான மனிதர். முதல் பக்கத்தைப் படித்தார். இரண்டாம் பக்கத்தில் சிரிக்கக்கூடச் செய்தார். பிறகு, "எழுதினவரு காலமாயிட்டாருங்களா?" என்று கேட்டார்.

"இல்லைங்க, நான்தான்" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் புத்தகத்தைப் பெட்டிக்குள் திருப்பி வைத்தார். அவர் கடையில் இருந்ததெல்லாம் எப்போதோ போய்ச் சேர்ந்தவர்கள் எழுதியவை என்பதை அப்போதுதான் கவனித்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதைப் பார்த்து அவருக்கும் மனசு கேட்கவில்லை. ஆறுதலாகச் சொன்னார்: "கோவிச்சுக்காதீங்க. காலமான பொறகு கொண்டாங்க, கண்டிப்பா வாங்கிக்கறனுங்க."

மோகனூரில் வெற்றி

மிச்சம் இருந்தது மோகனூர் ஒன்றுதான். கணவர் இறந்த பிறகு ஓர் அம்மாள் அங்கே சிலேட்டும் நோட்டும் கற்பூரமும் விற்றுக்கொண்டிருந்தார். போன வருஷம் அவரிடம் ஐந்து பிரதிகள் கொடுத்திருந்தேன். அலமாரியைப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை! ஐந்தும் போய்விட்டன! இரண்டாவது நாவலுக்கு என்ன அட்டை போடலாம் என்றுகூட அந்த நிமிஷமே யோசித்துவிட்டேன்.

"இன்னும் பத்து கொடுக்கட்டுங்களா?" என்றேன். அவர் என்னை உள்ளே கூட்டிப் போனார். சரஸ்வதி படத்துக்கு முன்னால் மஞ்சள் துணி விரித்து ஐந்து பிரதிகளையும் அடுக்கி வைத்திருந்தார். ஒவ்வொன்றின் மேலும் சந்தனம் குங்குமம். என் பெயர் இருந்த இடத்தில்தான் பொட்டு பெரிதாக இருந்தது. சரஸ்வதி பூஜைக்கு வைத்ததை எடுக்கவே மனசு வரவில்லையாம். யாராவது படித்தீர்களா என்று கேட்டதற்கு, சாமிக்கு வைத்ததைத் தொடலாமா என்று என்னையே கேட்டார்.

என் முகம் விழுந்ததைக் கண்டு, எனக்குச் சந்தோஷம் தர நினைத்துத்தான் அதைச் சொன்னார்: "இது வந்ததுல இருந்து நோட்டு யாவாரம் நல்லா நடக்குதுங்க சாமி. இத்தனை ராசியான பொஸ்தகத்தைப் போயி ஆராச்சும் விப்பாங்களா?"

பதிப்பாளர் சொன்னபடியே நோட்ஸ் போட்டார். என் இரண்டாவது நாவலின் கையெழுத்துக் கட்டுக்கு அந்த வருஷப் பூஜையில் நானே சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தேன், இன்று வரை யார் கையும் படாமல் அதுவும் ராசியாகத்தான் இருக்கிறது.