யார் காலுக்கு இந்தச் சுற்று?

எங்கள் சங்கரன்கோவிலில் ஆடித்தபசுக்குக் கொடி ஏறிவிட்டால் பெண்கள் கோயிலைச் சுற்ற ஆரம்பித்துவிடுவார்கள். அம்மன் ஒற்றைக்காலில் தவம் நிற்கிறாள். நாம் நூற்றெட்டுச் சுற்று வந்தால் அவள் கால்வலியில் கொஞ்சம் நமக்கு இறங்கி, அவளுக்குக் குறையுமாம். இதுதான் ஆடிச்சுற்று. சும்மா சுற்றுவோமா? போகிற போக்கில் நம் மூட்டுவலியையும் முதுகுவலியையும் அவள் காதில் போட்டுவைப்போம்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. என் அத்தை, அப்பாவின் தங்கை, ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். இளம்பிள்ளைவாதத்தில் சூம்பிய இடது கால், கையில் ஊன்றுகோல். வாய் மட்டும் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும். அந்தக் காலை எப்படியாவது நேராக்கிவிடுவது என்று நான் முடிவு செய்தேன். அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்டேனா? நான்தான் பெரிய மனுஷியாயிற்றே! அவள் ஆடிச்சுற்றுக்குக் கிளம்பியபோது நானும் ஒட்டிக்கொண்டேன். நூற்றெட்டில் ஒன்று குறைந்தாலும் அத்தையின் கால் சரியாகாது என்று எனக்கு நானே சட்டம் போட்டிருந்தேன்.

நாற்பதாவது சுற்றில் என் உள்ளங்காலில் கொப்புளம் உடைந்தது. போச்சு, எல்லாம் போச்சு. பிரகாரத்திலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். பதறி வந்த அத்தையிடம் விஷயத்தைச் சொன்னேன். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏட்டி, என் காலுக்கு என்ன கொள்ளை? முப்பது வருசமா என்கூட நல்லாத்தான இருக்கு? ஒத்தக்கால்ல நிக்குத கஷ்டம் எனக்குத் தெரியும். அதான் அவளுக்காகச் சுத்துதேன்."

"அப்போ உனக்குன்னு அம்மன்கிட்ட ஒண்ணுமே கேக்கலையா?"

"கேக்காம என்ன? கடைக்கு ஒரு புது மிஷினு கேட்டிருக்கேன்."

பிறகு என் காலைத் திருப்பிப் பார்த்தாள். முகம் இளகிவிட்டது. "மிச்ச சுத்த உன் காலுக்காகச் சுத்துதேன். அழாம இங்கனயே இரு" என்று ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஒவ்வொரு முறை என்னைக் கடக்கும்போதும் எண்ணிக்கையை உரக்கச் சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

பக்கத்தில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் அத்தையைப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

"பாவம், காலு சரியாவணும்னு என்ன பாடு படுதா!"

"இல்ல, எங்க அத்தை என் காலுக்காகச் சுத்துதா" என்று கொப்புளத்தைக் காட்டினேன்.

அவர் என்னையும் அத்தையையும் மாறிமாறிப் பார்த்தார். "இது என்ன கூத்து!" என்றார்.

இதில் கூத்து என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவே இல்லை.