ஆடிட் நடை

கம்பெனி கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால், பேக்கரியைத் தாண்டியதும், மருதம்மாள் நின்று முந்தானையை இழுத்துச் செருகுகிறாள். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையை நேராக்குகிறாள். வயிற்றை எக்கிக் கடைவாய்ப் பல்லைக் கடிக்கிறாள். அதுவரை சுவரைத் தொட்டுத் தொட்டு, வலது காலை இழுத்து இழுத்து வந்த பெண் அந்த இடத்தோடு காணாமல் போகிறாள். கேட்டுக்குள் நுழைபவள் வேறொருத்தி. வாட்ச்மேனுக்கு ஒரு சிரிப்பைக் கொடுத்துவிட்டு, கல்யாண மண்டபத்துக்குள் போகிறவள் மாதிரி நேராக நடந்து போகிறாள். சாயங்காலம் அதே பேக்கரி வந்ததும் பழைய ஆள் திரும்பிவிடுவாள். பேக்கரிக்காரர் இரண்டு பேரையும் தினமும் பார்க்கிறார். ஒருநாளும் ஒன்றும் கேட்டதில்லை.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து கல்யாணமான புதிதில் திருப்பூருக்கு வந்தவள். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் துணி ஓரம் தைக்கும் டெய்லர். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். வீரபாண்டியில் ஒரு லைன் வீட்டில் மகள் சித்ராதேவியோடு இருக்கிறாள். அவள் பேச்சில் இரண்டு ஊர் குடித்தனம் நடத்துகிறது. மேனேஜரிடம், “ஆமாங்க”, “செரிங்க” என்று கொங்கு மரியாதை சொட்டும். ஊசி ஒடிந்தாலோ நூல் அறுந்தாலோ உசிலம்பட்டி எழுந்து வந்துவிடும். அப்போது அவள் மெஷினைத் திட்டுவதைக் கேட்டால் பக்கத்து மெஷின்காரிகளுக்குக் கை ஓடாது.

அடிபட்ட காலை மட்டும் திட்டுவதில்லை. அதை ‘அவரு’ என்றுதான் சொல்லுவாள். “அவருக்கு இன்னைக்கு ஒடம்பு சரியில்ல.” “அவரு வர மாட்டேங்குறாரு, நாந்தேன் இழுத்துட்டு வாரேன்.” புதிதாகக் கேட்பவர்கள் புருஷனைப் பற்றிப் பேசுகிறாள் என்று நினைத்து அனுதாபப்படுவார்கள். அவள் திருத்த மாட்டாள். விஷயம் தெரிந்தவர்களிடம், “ரெண்டு பேரும் ஒரே ரகந்தேன். சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் எந்திரிச்சு வருவாக” என்பாள்.

கால் போனது கம்பெனி மாடிப்படியில். வெட்டிய துணிக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கும்போது கடைசிப் படி கண்ணுக்குத் தெரியவில்லை. இடுப்பெலும்பு உடைந்து, ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்தார்கள். எழுந்து நடக்கலாம் என்று சொன்னார்கள். எப்படி நடப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை. வாக்கரை வைத்துக்கொண்டு லைன் வீட்டு வாசலில் தத்தக்கா பித்தக்கா என்று பழகியதுதான். பழகி முடிப்பதற்குள் வேலைக்கு வந்துவிட்டாள்.

அதன் பிறகு அவளுக்கு நடக்கக் கற்றுக்கொடுத்தது சூப்பர்வைசர் செல்வக்குமார். சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர் கம்பெனியைச் சோதிக்க ஆடிட் வருகிறதென்றால் கம்பெனி ஒரு வாரம் முன்பே குளித்து முழுகிவிடும். கக்கூஸுக்குச் சோப்பு வரும். அவசர வழியில் அடுக்கிய அட்டைப் பெட்டிகள் காணாமல் போகும். எதைக் கேட்டால் எதைச் சொல்வது என்று லைனில் நிற்கவைத்து ஒப்பிக்கச் சொல்வார்கள். அந்த வாரத்தில் செல்வக்குமார் அவளைத் தனியாகக் கூப்பிட்டான். “மருதக்கா, நீங்க நொண்டுனா அவங்க கேப்பாங்க. கேட்டா, எங்க அடிபட்டுச்சுன்னு வரும். இங்கதான்னு சொல்லிப்போட்டீங்கன்னா எனக்கும் வேலை இல்லீங்க, உங்களுக்கும் இல்லீங்க. கொஞ்சம் நேரா நடந்து பழகிக்குங்க.” கட்டிங் டேபிளுக்கும் அயர்னிங் டேபிளுக்கும் நடுவே மத்தியானம் மத்தியானம் நடக்கவிட்டான். இடுப்பு சாய்ந்தால், “சாயுதுங்க்கா” என்பான். முகம் சுளித்தால், “சிரிங்க்கா” என்பான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. அவளுக்குத் தண்ணீர் பாட்டிலை அவனே பிடித்துக்கொண்டு கூட நடந்தான். அதுதான் வயிற்றெரிச்சல்.

ஆடிட் நல்லபடியாக முடிந்தது. கண்ணாடி போட்ட வெள்ளைக்காரம்மா ஒருத்தி அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டுக்கூடப் போனாள். ஆனால் அடுத்த ஆடிட் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? சில பேர் சொல்லாமல் கொள்ளாமல் வருவார்கள். அதனால் மருதம்மாள் கேட்டுக்குள் எப்போதும் ஆடிட் நடைதான் நடந்தாள். யாராவது பார்த்தால் கால் நேராகும். அந்த வேலையை அவள் சொல்லாமலே உடம்பு எடுத்துக்கொண்டது.

அதற்கான விலையை உடம்பு வீட்டில் வாங்கிக்கொண்டது. ராத்திரி இடுப்புக்குள் கொதிக்கும். நல்ல கால் முட்டியும் வீங்க ஆரம்பித்தது. ஒருநாள் குளியலறையில் விழுந்து, கதவை உடைத்துத்தான் சித்ராதேவி தூக்கினாள். படம் எடுத்துப் பார்த்த டாக்டர், “இன்னொரு தடவை விழுந்தா பிளேட் நிக்காதும்மா. அப்புறம் கட்டில்தான்” என்றார். அன்றிலிருந்து மருதம்மாளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சாவுக்கு அவள் பயப்படுகிறவள் இல்லை. கட்டிலில் கிடந்தால் மகள் வேலையை விட்டுவிட்டுத் தன்னைத் தூக்கி உட்காரவைப்பாளே என்ற பயம்.

அப்போதுதான் கோயம்புத்தூர் போகிற வழியில் ஒரு கல்லூரியில் நடையை ஆராய்ச்சி செய்கிறார்கள் என்று சித்ராதேவி விசாரித்து வந்தாள். பனியன் கம்பெனியில் வேலை செய்து கால், இடுப்பு கெட்டவர்கள் எப்படி நடக்கிறார்கள், எங்கே தடுமாறுகிறார்கள் என்று மெஷினில் பார்ப்பார்களாம். நடை ரொம்பக் கோணியவர்களைத் தேர்ந்தெடுத்து, மேலே பெல்ட் கட்டித் தொங்கவிட்டு, விழாமல் நடக்கப் பழக்குவார்களாம். செருப்புக்கு அளவெடுத்து மெத்தையும் வைத்துத் தருவார்களாம். மருதம்மாளுக்கு மெத்தைகூட வேண்டாம். விழாமல் நடக்கத் தெரிந்தால் போதும். ஒருநாள் லீவு போட்டுவிட்டு மகளையும் கூட்டிக்கொண்டு போனாள்.

அங்கே பிரியங்கா என்ற பெண், பெருமாநல்லூர்க்காரி, ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறவள், மருதம்மாளின் இடுப்பிலும் முட்டியிலும் கணுக்காலிலும் மினுமினுக்கும் சின்ன உருண்டைகளை ஒட்டினாள். சுற்றிலும் அந்த உருண்டைகளின் அசைவைப் படம் பிடிக்கும் கேமராக்கள். தரையில் ஒரு கறுப்புப் பாய். மிதித்தால் எந்தக் காலில் எவ்வளவு பாரம் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியும். “உங்க இஷ்டத்துக்கு நடங்க்கா” என்றாள் பிரியங்கா. கேமராக்களில் சிவப்பு விளக்கு எரிந்தது. மருதம்மாள் வயிற்றை எக்கினாள். பல்லைக் கடித்தாள். ஜம்மென்று நடந்தாள். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார்கள். வலது காலில் நின்றாள். உள்ளே எலும்பு தீயாய் எரிந்தது, முகம் சிரித்தது.

“வலி இருக்குங்களா?”

“அப்பிடி ஒண்ணும் இல்லீங்க. எல்லாம் நல்லா இருக்குங்க.”

வெளியே வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வழியெல்லாம் தன்னையே கரித்துக்கொட்டினாள்.

நினைத்தபடியே, பயிற்சிக்கு இடம் கிடைக்கவில்லை. மெஷின் கணக்கில் அவள் நடை சீராக இருக்கிறது என்று பிரியங்கா போனில் சொன்னாள். சித்ராதேவி போனைப் பிடுங்கிக்கொண்டாள். திருப்பூரிலேயே வளர்ந்தவள் அவள். “ஏனுங்க, எங்கம்மா ஊட்டுல செவுத்தப் புடிச்சிட்டுதானுங்க நடக்கறாங்க. நீங்க ஒரு நா ஊட்டுக்கு வந்து பாருங்க.” வீட்டில் பார்த்ததைக் கணக்கில் எடுக்க முடியாதாம். ஆனாலும் அந்தப் பெண்ணுக்கு நல்ல மனசு. பேராசிரியரிடம் மன்றாடி, ஆள் எடுப்பதை முடிக்கிற நாளில் இன்னொரு தடவை பார்க்க அனுமதி வாங்கினாள்.

இந்தத் தடவை மருதம்மாள் தீர்மானத்தோடு போனாள். நொண்டுவது என்ன வித்தையா? வீட்டில் செய்வதை அங்கே செய்ய வேண்டும், அவ்வளவுதானே. வேலைக்குக் கிளம்பும்போது மகளும் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து கல்லூரி வாசல்வரை நொண்டிக்கொண்டே போனாள். உருண்டைகளை ஒட்டினார்கள். “யாரும் பாக்கலைன்னு நெனச்சுக்குங்க்கா. ஊட்டுல நடக்கற மாதிரியே நடங்க” என்றாள் பிரியங்கா.

சிவப்பு விளக்கு எரிந்தது. கால் நேராகப் போனது.

“அக்கா, மறுபடி ஒருக்கா.”

மருதம்மாள் பல்லைக் கடிக்கக் கூடாது என்று வாயைத் திறந்து வைத்துக்கொண்டாள். இடுப்பைச் சாய்த்துப் பார்த்தாள். தெருக்கூத்தில் கிழவி வேஷம் போட்டவள் நடப்பது போல இருந்தது. அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது. அடுத்த அடியில் உடம்பு தானாக நிமிர்ந்துகொண்டது. பாயின் கோடிக்கு வந்தபோது கண்ணில் நீர் முட்டியது. “நாஞ் சொன்னா அவரு கேக்க மாட்டேங்குறாரு தாயி” என்றாள். எந்த அவர் என்று பிரியங்காவுக்குப் புரியவில்லை.

“செரிங்க்கா. போதும்.” பிரியங்கா உருண்டைகளைக் கழற்றிக்கொண்டு, கேமராக்களை அணைத்துவிட்டு, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டரை மூடப் போனாள். அவள் முகமும் வாடித்தான் இருந்தது.

எல்லாம் முடிந்தது என்று தெரிந்ததும் மருதம்மாளின் உடம்பு தொய்ந்தது. செருப்பு அந்தக் கோடியில் கிடந்தது. சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, இடுப்பு ஒருபக்கம் இறங்கி இறங்கி ஏற, காலை இழுத்தபடி அதை எடுக்கப் போனாள். பாதத்தின் ஓரம் தரையில் சரசரத்தது. வீட்டுக்குப் போய் மகளிடம் என்ன சொல்வது என்பதுதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

“அக்கா.”

கண்ணாடித் தடுப்புக்குப் பக்கத்தில் பிரியங்கா நின்றுகொண்டிருந்தாள். கையில் செல்போன், முகத்துக்கு நேராக. வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. “அக்கா, இதுதானுங்க. இப்பிடியே வாங்க. இதை சார்கிட்ட காட்டுனா ஒத்துக்குவாரு. நிக்காதீங்க, இப்பத்தானுங்க எடுக்க ஆரம்பிச்சேன், இப்பிடியே இன்னும் கொஞ்சம் வாங்க.”

மருதம்மாளுக்குப் புரிந்தது. இன்னும் கொஞ்ச தூரம் நொண்டினால் போதும், எல்லாம் கிடைத்துவிடும். நொண்டத்தான் நினைத்தாள். அதற்குள் சுவரை விட்டுக் கை எடுபட்டுவிட்டது. வயிறு எக்கிக்கொண்டது. உதட்டில் ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்தது. எடுத்த கை மார்புக்குப் போய், அங்கே இல்லாத அடையாள அட்டையைத் தேடி நேராக்கியது.